அருவி வற்றிய நாளில்



போன மே மாத விடுமுறையில் நம் சபையின் சகோதரிகளும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து ஆழியாறு போனது உங்களில் பலருக்குத் தெரியும். விடியற்காலையில் காந்திபுரத்தில் ஜெபித்துப் புறப்பட்டு, உக்கடம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி என்று பாடிக்கொண்டே போனோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலைப்பாதையின் தொடக்கத்திலேயே, ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள், சாலையை ஒட்டிப் பாறை மேல் இறங்குகிறது குரங்கு அருவி. இப்போது கவியருவி என்று எழுதுகிறார்கள். ஏதோ கவிஞர் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், கவி என்றாலும் குரங்குதான்!

எல்லார் கையிலும் துண்டு, சோப்பு, மாற்றுத்துணி. ஆனால் செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அருவியில தண்ணி இல்லைங்க. யாரையும் குளிக்க விடறதில்லை."

பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. பின் சீட்டிலிருந்து ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார்கள்: "ஜெபம் பண்ணிட்டுத்தானே வந்தோம், பாஸ்டர்?"

பிரியமானவர்களே, எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சகோதரி அருவியைப் பற்றித்தான் கேட்டார்கள். என் காதில் விழுந்ததோ வேறு. ஒரு வருஷத்துக்கும் மேலாக நம் சபையில் ஒரு ஞானஸ்நானம் இல்லை. காத்திருப்புக் கூட்டத்தில் முன்பு பாய் போட இடம் இருக்காது, இப்போது பாய் மீதியாகிறது. பிரசங்கம் பண்ணுகிறேன், ஆனால் உள்ளே பாறை காய்ந்து கிடக்கிறது. ஜெபித்துத்தானே இந்த ஊழியத்துக்கு வந்தேன் ஆண்டவரே என்று நானும் இரவில் கேட்டிருக்கிறேன்.

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா கேரீத் ஆற்றண்டைக்குத் தன் இஷ்டத்துக்குப் போகவில்லை. கர்த்தர் அனுப்பினார். காகங்கள் காலையிலும் மாலையிலும் அப்பமும் இறைச்சியும் கொண்டு வந்தன. அப்படிக் கர்த்தர் காட்டின ஆறே வற்றிப்போனது! எலியா பாவம் செய்ததால் அல்ல. தேசத்தில் மழை இல்லை, அதனால் வற்றியது, வேதம் சொல்லுகிற காரணம் அவ்வளவுதான். ஆறு வற்றினால் உடனே யாரிடம் ஆகான் ஒளிந்திருக்கிறான் என்று சபையில் தேடக் கிளம்பிவிடுகிறோமே, அது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. தேடியவர்களில் நானும் ஒருவன்.

மலை ஏறுகிற வழியில் ஒரு காரியம் நடந்தது. ஒரு குரங்கு வேன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு எலுமிச்சம்பழ சாதப் பொட்டலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். குரங்குக்குத் தீனி போடக்கூடாது என்பது சட்டம், இங்கே போடாமலே எடுத்துக்கொண்டது! ஆனால் யோசித்துப் பாருங்கள். பின்னால் காடு முழுக்கக் கனியும் தளிரும் இருக்க, அது தார் ரோட்டில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவன் கையையே பார்க்கிறது. கன்வென்ஷனுக்குக் கன்வென்ஷன் பெரிய ஊழியக்காரர் வந்து வாயில் ஊட்ட வேண்டும் என்று காத்திருக்கிற விசுவாசிகளும் இருக்கிறார்கள். யாரைச் சொல்லுகிறேன் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம்.

ஒன்பதாவது வளைவில் இறங்கிப் பார்த்தோம். 120 அடி ஆழியாறு அணை கீழே சுருங்கிக் கிடந்தது. எதைப் பார்த்தாலும் வறட்சி. இன்னும் மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், மறுபக்கம் சோலைக்காடு. நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் சிறுவயதில் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். அவர்கள் சோலை ஓரத்தில் குனிந்து, சருகை விலக்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்தார்கள். கறுப்பாக, ஜில்லென்று, ஈரமாக இருந்தது. எதிரே தோட்டத்து மண் காலில் புழுதியாகப் பறந்தது.

"பாருங்க ஐயா, காடு வத்தலைங்க. அருவிதான் வத்திருக்குது. ரெண்டு மழை விழுந்தா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க."

அல்லேலூயா! வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கின எனக்கு அந்தத் தாயார் வகுப்பு எடுத்தார்கள். மழை விழும்போது மொட்டைத் தரையில் ஓடிப் போய்விடும். மழைக்காட்டிலோ மரத்தின் மேல் மரமாக இலைகள் அதைத் தாங்கி மெதுவாக இறக்கும், சருகும் வேரும் அதைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். 1890-களிலிருந்து வெள்ளைக்காரர் இந்த மலையில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். மீதியிருக்கிற சோலைகள்தான் இன்றும் அந்த வேலையைச் செய்கின்றன. கீழே சோப்போடு நிற்கிறவனுக்கு அருவி மட்டும் தெரியும், மேலே சேமித்து வைக்கிற காடு தெரியாது.

அப்போது ஆவியானவர் என்னோடு பேசினார். மகனே, அருவிக்காக அழுகிறாய், உன் காடு எங்கே? நாலு மணி ஜெபத்தை விட்டு எத்தனை மாதம் ஆயிற்று? கட்டிட வேலை, கமிட்டி, வீடு சந்திப்பு என்று ஒவ்வொரு மரமாக வெட்டினது நானேதான். அறைக்குள் கதவைப் பூட்டி ஜெபிக்க மத்தேயு 6-இல் நம் ஆண்டவர் சொன்னார். நானோ அந்தரங்கத்தைக் காலி பண்ணிவிட்டு, மேடையில் தண்ணீர் வரவில்லையே என்கிறேன். எசேக்கியேல் 47-ஐயும் வாசியுங்கள். நீச்சல் ஆழமாயிருந்த அந்த நதி ஆலயத்தின் வாசற்படிக்குக் கீழே ஒருவரும் கவனிக்காத இடத்தில் புறப்பட்டது.

அன்று அருவியில் குளிக்காமலே திரும்பினோம். திங்கட்கிழமை காலை நாலரைக்கு ஆலயக் கதவைத் திறக்கப் போனேன். இருட்டில் படிக்கட்டில் ஒரு உருவம். அதே தாயார், துண்டை விரித்து முழங்காலில் இருந்தார்கள். எத்தனை நாளாக இப்படி வருகிறீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா வாறனுங்க ஐயா. கதவு பூட்டியிருந்தா படியிலயே ஜெபிச்சுட்டுப் போயிருவனுங்க."

இப்போது கதவு நாலரைக்குத் திறந்திருக்கிறது. நேற்று ஒன்பது பேர் வந்தார்கள்.