ஸ்பெஷல் நாடகமும் செலவுக் கணக்கும்

கலைக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசுவது நம் விமர்சனத்தில் வழக்கமில்லை. உருவம், உள்ளடக்கம், மரபு, பரிசோதனை என்று பேசுவோம். காசு விஷயத்தை சபா காரியதரிசிகளுக்கு விட்டுவிடுவோம். ஆனால் ஒரு நாடகத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது நிர்வாகப் பிரச்னை மட்டுமல்ல, தார்மீகப் பிரச்னையும்கூட என்று எனக்குப் படுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

மேலூர்ப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ ஒரு கிராமம். பங்குனித் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' வைப்பதென்று முடிவாகிறது. தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுக்கிறார்கள். மேடை, சீன், மைக்செட், விளக்கு வாடகை வேறு. டிக்கெட் கிடையாது. அடுத்த ஊர்க்காரனும் வந்து உட்காரலாம். வீட்டில் தூங்குகிறவனும் வரி கொடுத்திருக்கிறான். நகரத்து சபாக்களிடம் இல்லாத ஒரு நியாயம் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

ஆனால் கமிட்டியின் நோட்டில் ஒரு இனம் மட்டும் இருக்காது: ஒத்திகை. ஸ்பெஷல் நாடகத்துக்கு டைரக்டரும் இல்லை, ஒத்திகையும் இல்லை. அன்றுவரை முகம் பார்த்தேயிராத வள்ளியும் நாரதரும் மேடையில் சந்தித்துத் தர்க்கம் செய்ய முடிகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துவிட்டுப் போன பாடம் இருவருக்கும் மனப்பாடம் என்பதே காரணம். ஆகவே ஒத்திகை இல்லை என்பது சரியல்ல. அது வேறெங்கோ, வெகு முன்பே, வேறு யாருடைய செலவிலோ நடந்து முடிந்திருக்கிறது.

1918இல் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். டி. கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பாய்ஸ் கம்பெனிகளின் கணக்கில் சாப்பாடு, ஜாகை, திரை, உடை, ரயில் சார்ஜ் எல்லாம் உண்டு. பையன்களின் பால்யம் மட்டும் எந்தப் பக்கத்திலும் பற்று எழுதப்படவில்லை. ஸ்பெஷல் நாடகம் நடிகனைக் கம்பெனி முதலாளியிடமிருந்து விடுவித்தது. கூடவே, முதலாளி பார்த்துக்கொண்ட செலவுகளையும் அவன் தலையிலேயே வைத்தது. உடை, அரிதாரம், பாடம் கற்ற வருஷங்கள், நாடகமே இல்லாத ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள் எல்லாம் அவன் பொறுப்பு.

இரட்டைப் பதிவுக் கணக்கில் பழகியவனுக்கு இது புரிய நேரமாகாது. ஒருவர் பேரேட்டில் காணாத செலவு இன்னொருவர் பேரேட்டில் இருக்கத்தான் வேண்டும். நாங்கள் நகையை உரைத்து, எடை போட்டு, கடன் கொடுக்கிறோம். நாற்பது வருஷம் பழகிய குரலை ஈடாகக் காட்ட எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. கமிட்டியின் நோட்டிலும் இல்லை.

க்ரோட்டோவ்ஸ்கியின் 'ஏழை அரங்கு' பற்றிய கட்டுரைகள் 1968இல் நூலாக வந்தன. திரை, ஒப்பனை, விசேஷ விளக்கு எதுவும் வேண்டாம், நடிகனும் பார்வையாளனும் போதும் என்ற அந்தக் கருத்து நம்மில் பலரை வசீகரித்தது. அவருடைய அரங்குக்குப் போலந்து அரசின் மானியம் இருந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் துறந்தது பொருள்களை. ஒத்திகைக்கான காலத்தை அவர் துறக்கவில்லை. ஒரே நாடகத்தை மாதக் கணக்கில் செதுக்க அவரால் முடிந்தது. நம் ராஜபார்ட்டிடம் சரிகை உடை இருக்கிறது, தீட்டிய திரை இருக்கிறது, காலம்தான் இல்லை. உண்மையில் எது ஏழை அரங்கு? தேர்ந்துகொண்ட எளிமையையும் திணிக்கப்பட்ட வறுமையையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது விமர்சனம் கண்ணை மூடிக்கொள்கிறது.

முழுச் செலவையும் கேட்டால் கிராமத்தில் நாடகமே நடக்காது என்று ஒரு வாதம் உண்டு. மெல்லிசைக் குழு கேட்ட தொகையை மறுபேச்சில்லாமல் கொடுத்த கமிட்டி, ஆர்மோனியக்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். இல்லாதது பணமல்ல. இந்த வித்தை சும்மா வந்தது, ஆகையால் சும்மா கிடைக்கும் என்ற எண்ணம்தான் பேரம் பேச வைக்கிறது. பபூன் பேச்சு ஆபாசமாகிவிட்டது, பாட்டு குறைந்துவிட்டது என்று எழுதும் நாமும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறோம். தரம் கேட்கிறவன் அதற்கான கிரயத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இந்தப் பத்திரிகையும் எழுதுகிறவர்களுக்குப் பணம் தருவதில்லை; அதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என் எழுத்துக்கான செலவை என் சம்பளம் ஏற்கிறது. ஆகவே என்னால் எதையும் தியாகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, சொல்லவும் கூடாது. ஸ்திரீபார்ட் அம்மாளுக்கு அப்படியொரு சம்பளம் கிடையாது. அவர் இரவெல்லாம் பாடியதை நாம் கலைக்கான அர்ப்பணிப்பு என்று எழுதும்போது, கொடுக்காத கூலிக்கு ஒரு கௌரவமான பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான்.