வளர்ச்சியும் கடனும்

மக்கள் யாக்கை இன்று நின்றவாறே நாளை நிற்பதன்று. கருவில் அமைந்த நாள்தொட்டு அது மாறிக்கொண்டே வருகின்றது. அம்மாற்றத்துள் ஏறும் பகுதியை வளர்ச்சியென்றும் இறங்கும் பகுதியைத் தளர்ச்சியென்றும் வழங்கி, முன்னதற்கு மகிழ்ந்து பின்னதற்கு இரங்குதல் உலகியல்பு. அம்மகிழ்ச்சிக்கும் இரக்கத்திற்கும் தக்க காரணம் உண்டோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பிரெஞ்சு நாட்டு மோன்பெயார் என்னும் பெருமகனார், தம் மைந்தன் பிறந்த 1759 ஆம் ஆண்டு தொடங்கி 1777 வரை, ஏறத்தாழ ஆறு திங்கட்கு ஒருமுறை அவன் உயரத்தை அளந்து குறித்து வந்தார். அக்குறிப்பை இயற்கைநூற் புலவர் புபோன் தம் நூலில் வெளியிட்டனர். குழவிப் பருவத்து மிக்க விரைவும், பின்னர்ப் படிப்படியே தணிவும், காளைப் பருவத்தின் தொடக்கத்தே மீண்டும் ஒரு விரைவும், அதன்பின் ஓய்வும் அதன்கண் விளங்கின. தந்தையார் அளக்க வல்லராயினரேயன்றி, விரும்பியபொழுது ஒரு விரற்கடையேனும் கூட்ட வல்லராயினரல்லர்.

பிறந்த குழவி ஓராண்டில் எடையால் ஏறத்தாழ மும்மடங்காகின்றது. பிறப்பில் உடல் நீளத்தின் நாலிலொரு பங்காயிருந்த தலை, முதிர்ந்தோர்பால் எட்டிலொரு பங்களவாய் அமைகின்றது. இருபதாம் ஆண்டளவில் நீண்ட என்புகளின் முனைக் குருத்தெலும்பு இறுகுதலின் உயரம் நின்றுவிடுகின்றது. நாற்பதுக்குமேற் கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குன்ற வெள்ளெழுத்துத் தோன்றுகின்றது. முதுமையில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் வற்றுதலின் உயரமுஞ் சிறிது குறைகின்றது. இவற்றுள் ஒன்றும் ஒருவன் நினைந்து செய்துகொண்டதன்று. ஆதலின், வளர்ந்தமைக்குச் செருக்குதலும் தளர்ந்தமைக்கு நாணுதலும் ஒருங்கே பொருந்தாவாம்.

அற்றேல், தானே நிகழும் இதன்கண் மக்கட்குக் கடமை யாதும் இன்றோவெனின், அற்றன்று. வளர்ச்சியைப் படைக்க வல்லார் இலர்; கெடுக்க வல்லாரோ பலர். 1944 ஆம் ஆண்டின் இறுதி முதல் 1945 மே வரை, செருமானியப் படையினர் உணவு வரவைத் தடுத்தமையும் கடுங்குளிரும் ஒன்றுகூட, நெதர்லாந்தின் மேல்பால் கொடும்பஞ்சம் விளைந்தது. கருவுற்ற தொடக்கத் திங்களிற் பசியால் வாடிய தாயரின் மகார், பிறக்கும்போது எடையிற் குறைவுறாதிருந்தும், நடுவயதில் நெஞ்சாங்குலை நோய்க்கு ஏனையோரினும் மிகுதியாய் ஆட்பட்டமையை அறிஞர் பின்னர் ஆராய்ந்து கண்டனர். பிறர் செய்த தீங்கை, அத்தீங்கு நிகழ்ந்தஞான்று பிறவாதவர் உடம்பு அரைநூற்றாண்டு கழிந்தும் சுமந்து நின்றது. கண்முன் விளையாமையால் தீவினை விளையாதொழிந்தது என்று எண்ணுவார் இதனை உற்றுநோக்குக.

ஆகவே, வளரும் பருவத்து உடம்பு பிறர் அளித்த உணவாலும் காவலாலும் ஆயது. வளர்ந்த பருவம் அக்கடனைத் தீர்த்தற்கு வாய்த்த காலம். இளையோரை ஊட்டுதலும் முதியோரைத் தாங்குதலும் அவ்வொரு கடனின் இரு கூறுகளேயாம். யாக்கை உயிர்க்கு வாய்த்த கருவியென்று துணிந்தார்க்கு, அக்கருவி தேய்தல் துயர் தருவதன்று. கூன் விழுந்த பின்னரும் அறிவும் அன்பும் பெருகுதலைச் சான்றோர்பாற் காண்கின்றோம். உடம்பின் வளர்ச்சிக்கு எல்லையுண்டு. அன்பின் வளர்ச்சிக்கு அவ்வெல்லை விதிக்கப்பட்டிலது என்க.