கொர்பான்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தார் ஐயாயிரம் ரூபாய்க்குப் போவது தென் மாவட்டத்துச் சபைகளில் அதிசயமில்லை. ஏலம் எடுப்பவர் பழத்துக்காக எடுப்பதில்லை. ஆண்டவருக்குக் கொடுத்தோம் என்ற நிறைவுக்காக எடுக்கிறார். அந்தப் பணத்தில் நல்ல காரியங்களும் நடக்கின்றன. ஆனால் அதே மனிதரின் தாய் பக்கத்துத் தெருவில், பிரஷர் மாத்திரை மாதக் கடைசிவரை வரவேண்டுமே என்று கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கி, மறுபாதியை அட்டைக்குள்ளேயே திரும்பச் செருகி வைத்திருந்தால், அந்த ஐயாயிரத்தை என்னவென்று சொல்வது?

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கொர்பான். ஒரு பொருளை அப்படிச் சொல்லி நேர்ந்துவிட்டால் அது தேவனுக்குரியது. பெற்றோருக்குச் சேரவேண்டியதை மகன் கொர்பான் என்று சொல்லிவிட்டால் அவர்கள் அதில் உதவி பெற முடியாது. வேதபாரகரும் அவன் பக்கமே நின்றார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிடவும் முடியாது. தேவனிடம் செய்த பொருத்தனையை மீறாதே என்பதும் மோசேயின் சட்டம்தான் (எண்ணாகமம் 30). இரண்டு கட்டளைகள் மோதும்போது தேவனுக்கே முதலிடம் என்பது பக்தியுள்ள பதில். இயேசு அந்தப் பதிலை ஏற்கவில்லை. தாய்தகப்பன் பங்கை எடுத்துத் தேவனுக்குப் படைப்பது, தேவனுடைய வார்த்தையையே செல்லாததாக்குவது என்றார்.

பழைய தமிழ் வேதாகமம் பெற்றோரைக் 'கனம்பண்ண'ச் சொல்கிறது. மூலத்தில் உள்ள எபிரெயச் சொல்லின் வேரும் பாரம் என்பதே. யாத்திராகமம் 21இல் பெற்றோரைச் சபிப்பதற்கு வரும் சொல்லுக்கோ, இலேசு என்பது வேர். ஆக, பெற்றோரைக் கனமாக எண்ணுவதா, இலேசாக எண்ணுவதா என்பதுதான் விஷயம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டளையை மனப்பாடமாகக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். சீனாய் மலையடியில் அதைக் கேட்டு நின்றவர்களோ, வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வனாந்தரத்தில் நடந்த வளர்ந்த மக்கள்.

யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகில் விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். ஆனால் அந்தத் தகப்பன் செபெதேயு கூலியாட்களோடு இருந்தார் என்பதையும் மாற்கு சேர்த்தே எழுதுகிறார். வலையிழுக்க ஆளில்லாமல் அவர் தவிக்கவில்லை. அழைத்தவரோ, சிலுவையில் தொங்கியபடியே தம் தாயை அன்பான சீஷனிடம் ஒப்படைத்தார். மூச்சுவிடவே பாடுபட்ட நேரத்திலும் தாய் இனி யார் வீட்டில் இருப்பாள் என்பதை அவர் மறக்கவில்லை.

இதைவிடக் கடினமானது வேறொரு கேள்வி. குடித்துவிட்டு அடித்தே வளர்த்த தகப்பனையும் கனம்பண்ண வேண்டுமா? கனம்பண்ணுவது என்றால் மறுபடியும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் போய் நிற்பது என்றில்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்கும் பவுல் எழுதியிருக்கிறார். அந்தத் தகப்பன் படுக்கையில் விழுந்தபின் சோறும் மருந்தும் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் நியாயம். கொண்டுபோய்க் கொடுக்கும் கை அடிபட்ட மகளுடையதாகவே இருக்க வேண்டும் என்று வற்புறுத்த எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. சபை அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

முதியோர் பராமரிப்புக்கென்று 2007இல் வந்த சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கலாம். அது தேவைதான். ஆனால் பெற்ற பிள்ளைமேல் மனு எழுத எத்தனை தாய்களுக்குக் கை வரும்?

காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்குத் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார் இயேசு. தாய்க்கு இருக்கும் குறை அதைவிடச் சின்னதா? ஏலம் முடிந்து வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பக்கத்துத் தெருவும் இருக்கிறது.