அப்பா செய்வது உதவியா, கடமையா?

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர், பிள்ளையைப் பார்த்துக்க உதவி செய்வார்." கல்யாண வீட்டிலும் கோயில் அன்னதான வரிசையிலும் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். "என் மனைவி ரொம்ப நல்லவங்க, பிள்ளையைப் பார்த்துக்க உதவி செய்வாங்க" என்று ஒரு ஆண் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். ஏன் வருகிறது? இதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். எனக்கு வயது 22, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் பிள்ளை பிறந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போட முடியாது. அதற்குள் பழக்கம் முந்திக்கொள்ளும்.

இந்தக் கேள்வி எனக்குள் வந்தது சுவீடனில். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் கோத்தன்பர்க் நகரில் படித்தேன். நான் தங்கியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு இளம் குடும்பம். அம்மா நர்ஸ், அப்பா எலக்ட்ரீஷியன், பத்து மாதப் பெண் குழந்தை. அம்மா ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அப்பா விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தார்.

நான் அவர்களைப் பார்த்ததெல்லாம் இலையுதிர்காலத்தில்தான். அந்த ஊரில் அது மழைக்காலமும்கூட. நவம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. குழந்தையை வெளியே கூட்டிப்போவது சின்ன வேலை இல்லை. முதலில் கம்பளி உடை, அதற்கு மேல் மழை புகாத முழு உடை, குல்லா, கையுறை. எல்லாம் மாட்டி முடிக்கும் நேரத்தில் டயப்பர் நனைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. வெளியே போனால் குழந்தை ஈர இலைகளில் தவழும். மேப்பிள் இலை ஒன்றை வாயில் போடும். அப்பா விரலை விட்டு எடுப்பார். அது அடுத்த இலையைப் போடும். பகல் தூக்கம் தள்ளுவண்டியிலேயே, குளிர் காற்றில். நம்ம பாட்டிகள் பார்த்தால் அலறிவிடுவார்கள், ஆனால் அந்த நாடுகளில் அது சாதாரணப் பழக்கம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். மாணவர்கள் எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். குழந்தைக்குக் கடிகாரம் தெரியுமா? ஆறு மணிக்கு எழுகிற பாப்பா அன்றைக்கு ஐந்து மணிக்கே எழுந்துவிட்டது. "ஒரு வாரத்துக்கு இப்படித்தான்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். புகாரும் இல்லை, பெருமையும் இல்லை. கரண்ட் வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினார்.

சுவீடன் 1974-இல் தாய்மை விடுப்பை எடுத்துவிட்டுப் பெற்றோர் விடுப்பைக் கொண்டுவந்தது. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாட்கள். அதில் 90 நாட்கள் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனியாக ஒதுக்கப்பட்டவை, மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அப்பா எடுக்காவிட்டால் அந்த நாட்கள் வீணாகும். இதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் மொத்த நாட்களில் பெரும்பங்கை அம்மாக்கள்தான் எடுக்கிறார்கள். ஆனால் பகலில் அப்பா தனியாகக் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம்ம பக்கம் வருவோம். மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தாய்மை விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தனியார் துறையில் அப்பாவுக்கு 7 நாள் விடுப்பு சட்டமானதும் அப்போதுதான். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் அப்பாவுக்கு 4 வாரம் கட்டாயம்.

என் அக்காவுக்குக் கிள்ளானில் பிள்ளை பிறந்தபோது அத்தானுக்கு அந்த 7 நாள்தான். எட்டாம் நாள் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அம்மா பத்தியம் முடியும்வரை கூட இருந்தார். அவர் வீடு திரும்பிய பிறகு ராத்திரி முழுக்க அக்கா ஒருத்திதான். ஆறு மாதத்தில் அக்கா வேலையை விட்டாங்க. இரண்டு பேரில் யார் வேலையை விடுவது என்று அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவே இல்லை. அத்தான் நல்லவர், முடிந்த உதவி எல்லாம் செய்தார். ஆனால் 'உதவி' என்ற சொல் அந்த முடிவை முன்பே எடுத்துவிட்டது.

உதவி என்றால் என்ன? வேலை இன்னொருவருடையது, நான் கை கொடுக்கிறேன் என்று அர்த்தம். உதவுகிறவர் "என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்கலாம். களைத்துவிட்டால் போகலாம். பொறுப்புள்ளவருக்கு அந்த வசதி இல்லை. டயப்பர் எத்தனை மிச்சம் இருக்கிறது, அடுத்த தடுப்பூசி எப்போது, நேற்று எந்தக் கஞ்சியைத் துப்பியது என்று அவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கை வேலையைவிட இந்த நினைவு வேலைதான் கனம். அந்தச் சுவீடன் அப்பாவுக்கு யாரும் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை. பட்டியல் அவர் தலையிலேயே இருந்தது.

"அப்போ எல்லாத்தையும் பாதிப் பாதியா பிரிக்கணுமா? பால் கொடுக்கிறது அம்மாதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறியியல் மாணவர்களுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தருவார்கள்: உத்தரத்தின் மேல் சுமை நடுவில் இல்லாவிட்டால், இரு முனைத் தாங்கிகளும் சமமாகத் தாங்காது. சுமை பக்கத்தில் இருக்கிற தாங்கிக்குத்தான் அதிகப் பங்கு. ஆனாலும் உத்தரம் நிலையாக நிற்கும், ஏனென்றால் இரண்டுமே தாங்குகின்றன. முதல் மாதங்களில் சுமை அம்மா பக்கம் இருக்கும், அது இயற்கை. அப்பா தாங்கியாக இருக்கிறாரா, பக்கத்தில் நின்று பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம மரபு வேற" என்று சில பெரியவர்கள் சொல்லுவாங்க. நம்ம மரபைக் கொஞ்சம் பார்ப்போமே. திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிற சிவனுக்குப் பெயர் தாயுமானவர். பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண். அவளுடைய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டார். சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தல புராணம். கடவுள் வரம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வெந்நீர், துணி, ராத்திரி விழிப்பு என்று அருகில் இருந்து செய்தார். பெரியாழ்வாரும் அப்படித்தான். யசோதையாகத் தன்னை வைத்துக் கண்ணனைக் குளிப்பாட்டி, தாலாட்டி, நிலாவைக் கூப்பிட்டுப் பாடினார். அவர் ஒரு ஆண்தானே? தாய்மையை ஓர் ஆண் எடுத்துக்கொள்வது நம் பக்தியில் வெட்கப்படுகிற விஷயமாக இருந்ததே இல்லை.

இன்னொரு தடையும் உண்டு, அது கொஞ்சம் ஆழமானது. பற்று அறுப்பதுதானே ஆன்மிகம், பிள்ளைப் பாசம் பந்தம்தானே என்று இளைஞர் முகாமில் ஒரு தம்பி கேட்டான். கீதை செயலை விடச் சொல்லவில்லை, பலனைப் பிடித்துக்கொள்ளாமல் செய்யச் சொல்கிறது. குழந்தை வளர்ப்பைப் போல அதற்குப் பயிற்சி தருகிற வேலை வேறு என்ன இருக்கிறது? துடைத்த தரை பத்து நிமிடத்தில் அழுக்காகும். ஊட்டியது சட்டை மேல் வரும். விழித்த இரவுகள் எதுவும் பிள்ளைக்கு நினைவிருக்காது, நன்றியும் சொல்லாது. வள்ளுவரும் துறவு பேசுவதற்கு முன் இல்லறத்தைப் பேசினார். மக்கட்பேறுக்கு ஒரு தனி அதிகாரமே வைத்தார்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, காவடி எடுத்து, பத்துமலையின் 272 படி ஏறுகிற இளைஞர்கள் நம்மில் நிறைய பேர். அந்த மன உறுதி நம்மிடம் இருக்கிறது. அங்கே மேளம் உண்டு, "வேல் வேல்" என்று ஊரே கூட வரும். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் புட்டி கழுவும்போது யாரும் கூட வர மாட்டார்கள். இரண்டும் விரதம்தான் என்பது என் கருத்து.

அத்தானைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு 7 நாள் கொடுத்துவிட்டு முழுப் பொறுப்பைக் கேட்பது அநியாயம். சட்டம் மாற வேண்டும், அதற்கு நாமும் குரல் கொடுக்க வேண்டும். அதே சமயம் நம்மிடம் இருப்பதையும் விட்டுவிடக் கூடாது. 2024 ஜூலை முதல் சுவீடனில் ஒவ்வொரு பெற்றோரும் 45 நாள் வரை தாத்தா பாட்டி போன்றவர்களுக்கு விடுப்பை மாற்றிக் கொடுக்கலாம். பாட்டியின் அருமை நமக்கு எப்போதோ தெரியும். ஆனால் பாட்டி இருக்கிறார் என்பது அப்பா ஒதுங்குவதற்குக் காரணம் ஆகக் கூடாது.

தம்பிமார்களே, இப்போதே தொடங்கலாம். முகாமில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தங்கச்சிகளிடமே தள்ளாமல் ஒரு நாள் நீங்கள் எடுங்கள். அக்கா பிள்ளைக்கு டயப்பர் மாற்றப் பழகுங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். பதினோராவதாக ஒன்றை நீங்களே உட்கார்ந்து பேசுங்கள்: ராத்திரி பிள்ளை அழுதால் யார் எழுவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது? அதற்குப் பதில் தெரிந்த பிறகு தேதி குறிக்கலாம்.