யாருடைய கைபேசிக்கு வருகிறது செய்தி?

மின் கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை. பால் கணக்கு மாதக் கடைசியில். சீட்டுப் பணம் ஐந்தாம் தேதிக்குள். எல்ஐசி பிரீமியம், பள்ளிக் கட்டணம், கேபிள், வீட்டுக்கடன் தவணை என்று குடும்பம் தேதிகளால் ஓடுகிறது. அந்தத் தேதிகளைத் தலைக்குள் சுமப்பவள் பெரும்பாலும் பெண். ஆகவே வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் கழியும் 'ஆட்டோபே' வசதியை நான் வரவேற்கிறேன். ஆனால், அது எந்தச் சுமையை இறக்கி வைத்தது என்று கேட்டாக வேண்டும்.

2019இல் அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர், வீட்டுவேலையில் மனம் செய்யும் பகுதியை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டியே உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நடந்ததா என்று கண்காணித்தல். அவர் ஆராய்ந்த தம்பதிகளில் முதல் வேலையும் கடைசி வேலையும் பெண்களிடமே அதிகம் சேர்ந்திருந்தன. முடிவெடுக்கும்போது மட்டும் ஆண்கள் ஏறக்குறையச் சமமாக வந்து அமர்ந்தார்கள்.

ஆட்டோபே இந்த நான்கில் எதையும் செய்வதில்லை. பணத்தைக் கட்டுகிறது, அவ்வளவுதான். தவணை கழியும் நாளில் கணக்கில் பணம் இருக்குமா, இல்லாவிட்டால் அபராதம் எவ்வளவு, யாரும் பார்க்காத ஓடிடிக்கு இன்னும் சந்தா போகிறதா என்ற கவலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வரிசையில் நின்ற கால்களுக்கு ஓய்வு கிடைத்தது, மனதுக்குக் கிடைக்கவில்லை.

இருந்தும், பணம் தானாக நகர்வதில் ஒரு விடுதலை உண்டு. மாதாமாதம் கணவனிடம் கேட்டு வாங்கும் வீட்டில், கேட்பதே ஒரு சிறுமை. "போன மாசம் கொடுத்தது என்ன ஆச்சு?" என்ற கேள்வியைத் தாண்டாமல் பணம் கைக்கு வராது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயாக, பெண்ணின் வங்கிக் கணக்கிற்கே நேராகப் போகிறது. எவர் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. இயந்திரத்துக்கு முகம் கிடையாது என்பது இங்கே நமக்குச் சாதகம்.

அதே முகமின்மை எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. மீட்டர் பெட்டியில் செருகியிருந்த மின்வாரிய அட்டையையும் கம்பியில் குத்திவைத்த ரசீதுகளையும் வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இன்று, ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலோ யுபிஐயிலோ பதிவுசெய்த தொகை கழிவதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் நல்ல விதி. ஆனால், வாடிக்கையாளர் யார்? பதிவில் இருப்பது கணவனின் எண் என்றால், மனைவியின் சம்பளமும் சேர்ந்து ஓடும் கணக்கின் வரவு செலவு அவள் கண்ணில் படாமலேயே நடந்து முடிகிறது.

எனக்குத் தெரிந்த பேராசிரியை ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சம்பாதித்தவர். கணவர் மறைந்ததும் அவர் பெயரிலிருந்த கணக்கு முடங்கி, அதிலிருந்து கழிந்துகொண்டிருந்தவை எல்லாம் நின்றன. எந்த வங்கியில் என்ன கடன், எங்கே காப்பீடு என்று தெரியாமல் துக்கத்தின் நடுவே படியேறி இறங்கினார். கணவரின் கைபேசியைத் திறக்கும் எண்கூட அவரிடம் இல்லை. இத்தனைக்கும், மனைவிக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் அவர் எல்லாவற்றையும் அப்படி அமைத்திருந்தார். அன்பாலும் ஒருவரை அறியாமையில் வைத்திருக்க முடியும்.

தேதியை நினைவில் வைத்திருப்பது சுமை. எதற்கு எவ்வளவு போகிறது, யார் பெயரில் போகிறது என்று அறிந்திருப்பது அதிகாரம். முன்னதை இயந்திரத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம். பின்னதைக் கணவனிடமோ இயந்திரத்திடமோ முழுவதுமாக ஒப்படைக்கக் கூடாது. அதே சமயம், கண்காணிக்கும் வேலையைப் பெண் தனியாகச் சுமக்கவும் கூடாது. தானாகக் கழிபவற்றின் பட்டியல் ஒரு தாளில் இருக்கட்டும். மாதம் ஒருநாள் இருவரும் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும்.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். 2019இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். இடையே உள்ள 202 நிமிடங்களிலிருந்து, மாதத்துக்கு ஒரு அரைமணி நேரத்தை அவர் எடுத்துக்கொள்ளலாம்.