எலியால் என்ன பிரயோசனம்?

“ஒன்றுக்கும் உதவாத பிராணி பூமியிலிருந்து அற்றுப்போனால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. கிறீஸ்தவன் இதற்கு என்ன மறுமொழி சொல்வான்?

தென் அமெரிக்காவில், கொலம்பியா தேசத்தில், அர்ச். மார்த்தம்மாளின் பெயர் தாங்கிய சாந்தா மார்த்தா மலைகள் இருக்கின்றன. அங்குள்ள மழைக்காட்டில் செந்நிற ரோமமும், கறுப்பும் வெள்ளையுமான வாலும் உள்ள மர எலி ஒன்று வாழ்கிறது. சாஸ்திரிகள் 1898-ல் அதைக் கண்டார்கள். 1913-க்குப் பின் கண்டவர் இல்லை. 98 ஆண்டு கழித்து, 2011 மே 4-ந் தேதி இரவு, வனக்காப்பிடத்து விடுதி ஒன்றின் வாசலுக்கு அது தானாகவே வந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிற்று. அந்தக் காடோ பயிருக்கும் மேய்ச்சலுக்குமாகக் குறைந்து வருகிறது. காட்டில் திரியும் பூனைகளாலும் அதற்கு ஆபத்து.

98 ஆண்டும் அது மனிதர் கண்ணுக்கு இல்லாத பிராணி. சர்வேசுரன் கண்ணுக்கோ ஒரு நாளும் மறைந்ததில்லை. அற்பக் காசுக்கு விற்கும் குருவியையும் அவர் மறப்பதில்லை என்று சேசுநாதர் போதித்தார் அல்லவா? மனிதனை உண்டாக்குமுன்பே அவர் பிராணிகளை நல்லதெனக் கண்டார். தேவ நன்மைத்தனத்தை ஒரே சிருஷ்டி முழுதும் விளக்கமாட்டாது, ஆகையால்தான் பலவிதமானவற்றைப் படைத்தார் என்பது அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கொடுக்கும் நியாயம். அப்படியானால் ஓர் இனம் அழியும்போது சிருஷ்டிகரைப் பற்றிப் பேசும் ஒரு வாய் அடைபடுகிறது. அதை அடைக்க நமக்கு உரிமையில்லை என்றே காலஞ்சென்ற பாப்பரசர் பிராஞ்சீஸ்கு தமது 2015-ம் ஆண்டு நிருபத்தில் கற்பித்தார்.

அப்படியானால் எலியும் மனிதனும் சமமோ? அன்று. மனிதனுக்கு அழியாத ஆத்துமம் உண்டு. பிள்ளைகளின் பசி தீர்க்க ஏழைக் குடியானவன் காடு திருத்துவது வேறு. போதுமானது இருந்தும் பேராசையால் அழிப்பது வேறு. ஏழையின் பசிக்கு வழிசெய்யாமல் அவனை மாத்திரம் குற்றவாளியாக்குவது நீதியுமல்ல. ஆனால் மேலான ஸ்தானம் பெற்றவன் எஜமானன் அல்ல, கணக்குக் கொடுக்கவேண்டிய காரியஸ்தன்.

பெற்றோர்களே, “என்ன பிரயோசனம்?” என்னும் தராசு ஆபத்தானது. இன்று எலியை அதில் நிறுக்கப் பழகும் பிள்ளை, நாளை பாயில் கிடக்கும் பாட்டியையும் அதிலேயே நிறுக்கும். எந்த உயிரைக் கண்டாலும், “இது யாருடையது?” என்று முதலில் கேட்க உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள்.