ஏறுவதற்கு முன்னால்



இந்த மாதம் புராணத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒரு கிரேனிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீங்க.

கோலாலம்பூரில் புடு பக்கம் ஓர் அடுக்குமாடி எழும்புகிறது. ஒரு சனிக்கிழமை காலையில் எதிரே உள்ள ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தேன். அது ஆறி ஆடை கட்டும் வரை எழுந்திருக்கவே இல்லை. அங்கே டவர் கிரேன் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

அடிக்கால் காங்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது. அதன்மேல் இரும்புக் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து போல்ட் போடுகிறார்கள். உச்சியில் சுழலும் பகுதி, ஓட்டுநர் அறை. இதையெல்லாம் தூக்கிக் கொடுப்பது லாரி மாதிரி சக்கரம் வைத்த இன்னொரு கிரேன். பிறகு பின்பக்கத்துக் குட்டைக் கை வருகிறது. அதில் காங்கிரீட் பாளம் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மிச்சப் பாளங்கள் கீழேயே கிடக்கின்றன. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த நம்ம தம்பி ஒருவர் அந்த வேலை தெரிந்தவர். அவர்தான் சொன்னார்: “எல்லாத்தையும் இப்பவே வச்சா பின்னால சாஞ்சிடும் அண்ணே. முன்கை மாட்டின பிறகுதான் மிச்சம்.”

முன்கை ஏறியதும் தூரத்திலிருந்து பார்த்தேன். அச்சு அசல் காவடி! இடும்பன் சிவகிரியையும் சக்திகிரியையும் ஒரே தண்டில் கட்டித் தூக்கிய கதை உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு மலை என்றால் அவனாலும் தோளில் வைத்து நடந்திருக்க முடியாது.

சில வாரம் கழித்து அதே தம்பி போன் செய்தார்: “அண்ணே, இன்னிக்கு ஏத்துறோம், காத்து இல்ல, வந்து பாருங்க.” அன்றைக்குப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கட்டடம் உயர உயர கிரேனும் உயர வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கம்பத்தைச் சுற்றி ஒரு கூண்டு மாட்டியிருக்கிறார்கள், அதில் ஹைட்ராலிக் ஜாக். உச்சிப் பகுதியை ஜாக் மேலே தள்ளும். நடுவில் இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளிக்குள் புதுக் கூட்டைத் தள்ளி போல்ட் போடுவார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாக் தள்ளுவதற்கு முன், உச்சியைக் கம்பத்தோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றியாக வேண்டும். அவ்வளவு பெரிய இரும்பு, அந்தக் கொஞ்ச நேரம் கூண்டையும் ஜாக்கையும் மட்டுமே நம்பி நிற்கிறது.

அதனால் அதற்கு முன்பே சமநிலை பார்க்கிறார்கள். முன்கையில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு, அதைக் கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே என்று நகர்த்துகிறார்கள். முன்னும் பின்னும் எந்தச் சாய்வும் இல்லை என்று ஆனதும் கையை அசைக்கக்கூடாது, திருப்பக்கூடாது. உலகத்தில் பல கிரேன் விபத்துகள் நிறுத்தும்போதும் உயர்த்தும்போதும் பிரிக்கும்போதும்தான் நடந்திருக்கின்றன.

தம்பி தங்கைகளே, சைவ சித்தாந்த வகுப்பில் ‘இருவினையொப்பு’ என்று படித்திருப்பீர்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்தும் இருப்பீர்கள், பரவாயில்லை. நல்வினையும் தீவினையும் கணக்கில் சரிக்குச் சரியாக வந்துவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நல்வினை தரும் இன்பத்தில் விருப்பும், தீவினை தரும் துன்பத்தில் வெறுப்பும் இல்லாமல் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் மனநிலை அது. கிரேனிலும் பின்னால் உள்ள பாளம் கனம், ஆனால் கிட்டே இருக்கிறது. முன்னால் தொங்கும் பாரம் அதைவிட லேசு, ஆனால் தூரத்தில் இருக்கிறது. எடை சமமில்லை, சாய்வுதான் இல்லை. அந்தப் பக்குவம் வந்த உயிரில்தான் திருவருள் பதிகிறது என்கிறது சித்தாந்தம். சத்திநிபாதம் என்பது அதுதான். கிரேனும் தானாக ஏறுவதில்லை, கீழேயிருந்து ஏற்றப்படுகிறது. ஏற்றும்போது சாயாமல் நிற்பதுதான் அதன் வேலை.

இனி நம்ம கதைக்கு வருவோம்.

நம் வெள்ளிக்கிழமை வகுப்பில் இரண்டு பேர். இருவரும் ஒன்றாக எஸ்.டி.பி.எம். எழுதினார்கள், ஒன்றாகப் பால்குடம் எடுத்தார்கள். ஒருவனுக்குக் கேட்ட படிப்பு கிடைத்தது, மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். “சாமி எனக்கு என்ன செஞ்சுச்சு?” என்று கேட்டானாம். எல்லாரும் அவனைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். ஆனால் கிடைத்தவனும்தான் வரவில்லை! அதை யாரும் பேசுவதில்லை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி எதற்கு வகுப்பு? ஒருவன் முன்னால் சாய்ந்தான், ஒருவன் பின்னால் சாய்ந்தான். என்னைக் கேட்டால் இரண்டாமவனுக்குத்தான் ஆபத்து அதிகம். தன் சாய்வு அவனுக்கே தெரியாது. பொன் விலங்கும் விலங்குதான் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்துமலைக்குக் காவடி நேர்ந்துகொண்டேன். அப்பா பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தைப்பூசம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அம்மா மட்டும் தனியாக 272 படி ஏறிவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் நெற்றியில் திருநீறு வைத்தார். மூன்றாவது வருஷம் நானே கூடப் போனேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் நடையில் மட்டும் அந்த மூன்று வருஷமும் ஒரு மாற்றமும் இல்லை. அப்பா இருந்தபோது எப்படி ஏறினாரோ அப்படியே ஏறினார்.

உங்களில் பலருக்கு இப்போது போல்ட் கழற்றும் நேரம். பள்ளி முடிந்தது, வேலை இன்னும் அமையவில்லை, சிலர் வீட்டை விட்டு ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிறீர்கள். பழைய பிடி விட்டாச்சு, புதுக் கூடு இன்னும் உள்ளே வரவில்லை. இந்த நேரத்தில் ‘கிடைத்தால் கும்பிடுவேன், கிடைக்காவிட்டால் விடுவேன்’ என்று கையை அங்கும் இங்கும் ஆட்டாதீர்கள். காலையில் ஐந்து நிமிடம் திருநீறு பூசி உட்காருங்கள். நல்ல நாளிலும் அதே ஐந்து நிமிடம், மோசமான நாளிலும் அதே ஐந்து நிமிடம்.

அன்று மாலை நாலரைக்குப் புதுக் கூடு உள்ளே போனது. போல்ட் போட்டார்கள். மறுபடி பாரத்தைத் தொங்கவிட்டு முதலிலிருந்து சமநிலை பார்க்க ஆரம்பித்தார்கள். “இன்னிக்கு எத்தனை?” என்று கேட்டேன். “இன்னும் ஒண்ணு அண்ணே, மழை வராம இருந்தா.”

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வகுப்பு, வழக்கம்போல் கோயில் மண்டபத்தில். அந்த இரண்டு தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் பாய் விரித்திருப்போம்.